உஷார்! பெல்ட்டைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள்

2018 ஜூலை 12, கோவை. நரசீபுரம் அருகே ஒரு தனியார் கல்லூரியில் பேரிடர் மீட்புப் பயிற்சி. இரண்டாவது மாடியிலிருந்து குதிக்க வேண்டும். கீழே வலையை விரித்துப் பிடித்தபடி மாணவர்கள் நிற்கிறார்கள். விளிம்பில் உட்கார்ந்த 19 வயது மாணவி பயந்து தயங்குகிறார். பின்னால் இருந்த பயிற்சியாளர் அவரைத் தள்ளிவிடுகிறார். முதல் மாடி சன்ஷேடில் மோதி அந்தப் பெண் இறந்துபோனார். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் பயிற்சியாளர் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் அந்த ஆள். அவருக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்றது ஆணையம். அவர் காட்டிய சான்றிதழ்கள் போலி என்றது போலீஸ்.

ஒரு கல்லூரிக்குள்ளேயே போலிச் சான்றிதழோடு நுழைந்துவிட முடிகிறது. அப்படியானால், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்துவிட்டு, "முப்பத்தஞ்சு வயசாயிருச்சு, இப்பவாவது கம்பு சுத்தக் கத்துக்கணும்" என்று கிளம்புகிற நீங்கள் எவ்வளவு உஷாராக இருக்க வேண்டும்?

ஆசை நல்ல ஆசைதான். சர்க்கரையும் பிரஷரும் வாசலில் வந்து நிற்கிற வயதில் வாரத்துக்கு மூன்று நாள் வியர்க்க வியர்க்க ஆடுவது உடம்புக்கும் மனசுக்கும் நல்லது. இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். ஆனால் சேருகிற இடம் தவறினால் மூட்டு போகும், பணம் போகும், சில நேரம் அதைவிடப் பெரியதும் போகும்.

உரிமம் கேட்க ஆளில்லை

டிரைவிங் ஸ்கூல் நடத்த ஆர்.டி.ஓ. உரிமம் வேண்டும். மருந்துக்கடை வைக்க உரிமம் வேண்டும். ஆனால் ஒருவரின் கழுத்தைப் பிடித்து நெரிக்கவும், காலை வாரித் தரையில் போடவும், முகத்தில் குத்தவும் கற்றுத்தருகிற ஒரு வகுப்பைத் தொடங்க, அதற்கென்று எந்த உரிமமும் தேவையில்லை. நாளைக் காலையில் யார் வேண்டுமானாலும் ஒரு பிளெக்ஸ் அடித்து, பெயருக்கு முன்னால் 'மாஸ்டர்' என்று போட்டுக்கொள்ளலாம். கேட்க ஆளில்லை.

அண்ணாநகர், கே.கே. நகர், வில்லாபுரம், திருநகர், ஆனையூர் என்று மதுரைக்குள்ளும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சோழவந்தான் என்று சுற்று வட்டாரத்திலும் மொட்டைமாடி, பள்ளி மைதானம், காலி பிளாட், கல்யாண மண்டபம் எல்லாமே பயிற்சிக் களம்தான். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கோயில் திடலில் கம்பு சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்கள் இந்த மண்ணில் இருக்கிறார்கள். அவர்களில் பலரிடம் ஒரு காகிதம்கூட இருக்காது, வித்தை இருக்கும். கராத்தேயிலும் வில்வித்தையிலும் பெயர் பெற்று 2025 மார்ச்சில் மறைந்த ஷிஹான் ஹுசைனியும் மதுரைக்காரர்தான். இந்த ஊருக்குக் கலைப் பஞ்சம் கிடையாது.

சிக்கல் எங்கே என்றால், கலை தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே மாதிரி பிளெக்ஸ்தான் வைக்கிறார்கள். புதிதாக வருகிற பெரியவருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் மோசடிக்காரரின் முதலீடு.

போர்டில் எழுதியிருப்பதன் உண்மை மதிப்பு

'அரசு பதிவு பெற்றது' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே ஒரு எண் இருக்கும். ஏழு பேர் சேர்ந்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ் மாவட்டப் பதிவாளரிடம் சங்கத்தைப் பதிவு செய்தால் எண் கிடைக்கும். தெரு நலச் சங்கத்துக்குக் கிடைப்பதும் அதே வகைப் பதிவுதான். அந்த மாஸ்டருக்கு ஒழுங்காக ஒரு குத்து விடத் தெரியுமா என்று பதிவாளர் சோதித்துப் பார்ப்பதில்லை. சிறுதொழில் பதிவான 'உத்யம்' எண்ணும் அப்படியே. ஐ.எஸ்.ஓ. முத்திரையும் ஒருவரின் கைத்திறனுக்குச் சாட்சி சொல்லாது.

அடுத்தது 'டாக்டர்' பட்டம். 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு தனியார் அமைப்பு விழா நடத்தி, திரைப்பிரபலங்கள் உட்படப் பலருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் என்று வழங்கியது. தங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று பல்கலைக்கழகம் போலீசுக்குப் போனது. பிரபலங்களையே மேடையேற்றி ஏமாற்ற முடிகிறது என்றால், 'டாக்டர் கிராண்ட் மாஸ்டர்' என்ற பிளெக்ஸை நம்பி நீங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்?

'உலக சாதனை' கேடயங்களையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். தனியார் சாதனைப் புத்தகங்கள் ஏராளம். கட்டணம் கட்டினால் சான்றிதழ் தருபவையும் அவற்றில் உண்டு. முந்நூறு பேர் ஒரு மணி நேரம் கம்பு சுற்றியதற்குக் கேடயம் வாங்கியவர், உங்கள் முழங்கால் வலிக்கு ஏற்றபடி காலடியை மாற்றித்தரத் தெரிந்தவரா என்பதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல்.

கறுப்பு பெல்ட்டும் அரசு தருவதில்லை. ஜப்பானில் 1882-இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, தன் மாணவர்களின் நிலையைக் குறிக்கக் கொண்டுவந்த வழக்கம் அது. கராத்தே அதை எடுத்துக்கொண்டது. ஒரு பள்ளியின் உள் அடையாளம், அவ்வளவுதான். ஒழுங்கான இடத்தில் முதல் நிலைக் கறுப்பு பெல்ட்டுக்கு வருடங்கள் ஆகும். பிரேசிலிய ஜூஜிட்சுவில் பத்து வருடம் ஆவதும் சாதாரணம். 'ஆறு மாதத்தில் பிளாக் பெல்ட்' என்று யாராவது சொன்னால், அங்கே பெல்ட் விற்பனைக்கு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சங்கங்கள் நாலு பக்கம் இழுக்கின்றன

'தேசிய சங்கத்தின் அங்கீகாரம் உண்டு' என்பார்கள். எந்தச் சங்கம் என்று கேளுங்கள். கராத்தே அசோசியேஷன் ஆஃப் இந்தியாவின் அங்கீகாரத்தை 2020-இல் உலக கராத்தே கூட்டமைப்பு நிறுத்திவைத்தது. இந்தியக் குத்துச்சண்டையின் பழைய சங்கம் 2012-இல் சர்வதேச அமைப்பால் இடைநீக்கம் செய்யப்பட்டு, 2016-இல்தான் பாக்ஸிங் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா உருவானது. நாட்டின் பெரிய விளையாட்டுகளுக்கே இந்தக் கதி. சிலம்பத்திலும் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன. ஒரு சங்கத்தின் காகிதத்தை இன்னொரு சங்கம் மதிப்பதில்லை.

உடற்பயிற்சிக்காக மட்டும் சேருகிறவருக்கு இந்தச் சண்டையால் பெரிய நஷ்டம் இல்லை. நஷ்டம் யாருக்கு? போலீஸ் வேலைக்கும் அரசு வேலைக்கும் முயற்சி செய்கிற, இருபதுகளில் இருக்கிற தம்பி தங்கைகளுக்கு. அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் 2021-இல் தமிழக அரசு சிலம்பத்தையும் சேர்த்தது. 2024 ஜனவரியில் மதுரை உட்பட நான்கு நகரங்களில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டிலும் சிலம்பம் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. சிலம்பத்துக்குக் கிடைத்த நியாயமான மரியாதை இது. ஆனால் அந்த மரியாதையின் நிழலிலேயே ஒரு வியாபாரமும் நடக்கிறது: "மூணு மாசம் வாங்க தம்பி, டோர்னமென்ட் போறோம், சர்ட்டிபிகேட் வாங்கித் தர்றேன், வேலை உறுதி."

நம்பாதீர்கள். அந்த ஒதுக்கீட்டில் எந்தப் போட்டி, அதை நடத்தியது யார், எந்த இடத்தைப் பிடித்தீர்கள் என்பதையெல்லாம் பார்ப்பார்கள். வெளிநாட்டில் நடந்த 'ஓப்பன் சாம்பியன்ஷிப்' பதக்கம் என்பதற்காக மட்டும் அது செல்லுபடியாகாது. காசு கட்டுவதற்கு முன்பு மதுரை ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். ஸ்டேடியத்தில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு நேரில் போங்கள். போட்டியின் பெயரையும் சங்கத்தின் பெயரையும் எழுதிக்கொண்டுபோய்க் காட்டி, இது கணக்கில் வருமா என்று கேளுங்கள். மத்திய விளையாட்டு அமைச்சகம் அங்கீகரித்த தேசியக் கூட்டமைப்புகளின் பட்டியலும் பொதுவெளியில் இருக்கிறது. பதில் கிடைக்கும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

தொட்டால் விழுவார்களாம்!

'இந்தியன்' படம் 1996-இல் வந்தது. இரண்டு விரலில் ஆளை முடக்கும் வர்மத்தைப் பார்த்துத் தமிழ்நாடே வாய்பிளந்தது. 2011-இல் 'ஏழாம் அறிவு' வந்தபோது போதிதர்மர் பெயரில் இன்னொரு அலை. வர்மம் என்ற மருத்துவ மரபும் அடிமுறை என்ற சண்டை மரபும் தென்தமிழ்நாட்டில் உண்மையாகவே இருப்பவை. ஆனால், வாராந்திர வகுப்பில் 'நோக்கு வர்மம்' கற்றுத்தருகிறேன், தொடாமலே எதிரியை வீழ்த்தலாம் என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்தை விட்டு உடனே வெளியே வந்துவிடுங்கள்.

இந்தப் பித்து உலகெங்கும் உண்டு. ஜப்பானில் யானாகி ரியூகென் என்ற முதியவர், தன் சீடர்களைத் தொடாமலே கீழே விழவைத்துக்காட்டிக்கொண்டிருந்தார். 2006-இல் கலப்புச் சண்டை வீரர் ஒருவரோடு மேடையேறினார். முகத்தில் ரத்தத்தோடு ஆட்டம் முடிந்தது. சீனாவின் செங்டு நகரில் 2017 ஏப்ரலில் தாய்சி மாஸ்டர் வெய் லெய், ஷூ ஷியாவோதோங் என்ற கலப்புச் சண்டை வீரரிடம் அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. யானாகியின் சீடர்கள் நடிக்க வேண்டும் என்று நினைத்து நடிக்கவில்லை. குருவின் கை அசைந்தால் விழ வேண்டும் என்று வருடக்கணக்கில் பழகிவிட்டார்கள். குருவுக்கும் அது தன் சக்தி என்று தோன்றிவிட்டது.

நம் ஊர் வகுப்புகளில் இதன் சின்ன வடிவங்களைப் பார்க்கலாம். கத்தியை வைத்திருப்பவர் கையை நீட்டிச் சிலைபோல நிற்பார். மாஸ்டர் நிதானமாக அதைத் திருகிப் பிடுங்குவார். நிஜத்தில் கத்தியை வைத்திருப்பவன் அப்படி நிற்க மாட்டான். ஒரு வார 'தற்காப்பு ஒர்க்‌ஷாப்' முடித்த நம்பிக்கையில் கத்திக்கு முன்னால் நிற்பதைவிட, கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு ஓடுவது பத்திரம். நல்ல ஆசான் முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்.

சட்டமும் அப்படித்தான். பாரதிய நியாய சன்ஹிதா, 34-ஆம் பிரிவு முதல் தற்காப்பு உரிமையைத் தருகிறது. ஆனால் தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமாகத் தாக்கினால் அந்த உரிமை காப்பாற்றாது. "ரோட்ல யாராவது வம்பு பண்ணா கையை உடைச்சிரு" என்று உசுப்பேற்றுகிறவர், உங்களைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பத் தயார்செய்கிறார்.

தலையில் விழும் அடிக்குக் கணக்கு இல்லை

2022 ஜூலையில் பெங்களூருவில் ஒரு மாநிலக் கிக் பாக்ஸிங் போட்டியில் அடிபட்ட மைசூரு இளைஞர், சில நாளில் இறந்தார். போட்டி நடந்த இடத்தில் ஆக்ஸிஜன்கூட இல்லை என்று குடும்பத்தினர் குற்றம்சாட்ட, அமைப்பாளர்கள் மேல் வழக்குப் பதிவானது. அடுத்த மாதமே சென்னையில் நடந்த தேசியக் கிக் பாக்ஸிங் போட்டியில் தலையில் அடிபட்ட அருணாச்சலப் பிரதேச வீரரும் இறந்தார். இருவருமே இருபதுகளில் இருந்தவர்கள், பயிற்சி பெற்ற வீரர்கள்.

நாற்பதில் முதன்முறையாகக் கையுறை மாட்டுகிற உங்களை, சேர்ந்த இரண்டாவது வாரமே ரிங்கில் ஏற்றி ஓர் இருபது வயதுப் பையனோடு மோதவிடுகிற இடம் ஜிம் ஆகாது. முதல் சில மாதங்கள் பேட், குத்துப்பை, கால்வேலை, தடுப்பு, இவ்வளவுதான் இருக்க வேண்டும். பிறகு ஸ்பாரிங் என்கிற பயிற்சி மோதல் வந்தாலும் பல் கவசம், தலைக்கவசம், இடுப்புக் காப்பு போட்டுக்கொண்டு, மெதுவாக, எடையும் அனுபவமும் ஒத்த ஆளோடுதான் வர வேண்டும்.

இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: தலையில் பலமாக அடிபட்டுக் கிறுகிறுப்பு, தலைவலி, வாந்தி, மங்கல் பார்வை, குழப்பம் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. மருத்துவரைப் பாருங்கள். மூளை ஆறுவதற்குள் விழுகிற இரண்டாவது அடி உயிரைக்கூட எடுத்துவிடும். "ஒண்ணுமில்ல, தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்கிற மாஸ்டரிடம் மறுநாள் போகாதீர்கள்.

அதேபோல, முட்டி விலகினாலும் கழுத்து பிடித்தாலும், "நானே உருவி விடுறேன், சுளுக்குதான்" என்று கைவைக்க விடாதீர்கள். முதலில் எக்ஸ்ரே, பிறகு மற்றது. எலும்பு முறிவைச் சுளுக்கு என்று நினைத்து உருவினால், சீக்கிரம் ஆற வேண்டியது ஆறாத ஊனமாகிவிடும்.

சாகசங்களிலிருந்தும் விலகி நில்லுங்கள். தீ வைத்து ஓடு உடைப்பது, வயிற்றில் கல் வைத்துச் சம்மட்டியால் அடிப்பது, கை மேல் பைக் ஏற்றுவது இவையெல்லாம் கூட்டம் சேர்க்கச் செய்பவை. 2024 ஜூனில் சென்னை நீலாங்கரையில் நடிகர் விஜய் பிறந்தநாள் நிகழ்ச்சியில் தீயோடு ஓடு உடைத்த சிறுவனின் கையில் தீப்பற்றியதை நாடே பார்த்தது. உங்களை ஊர்வலத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் ஆள் காட்டக் கூட்டிப்போகிற கிளப், உங்களுக்குக் கலை சொல்லிக்கொடுக்கச் சேர்த்துக்கொண்டதல்ல.

முப்பதைத் தாண்டிய உடம்பு

சேருவதற்கு முன் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துவிடுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருப்பவர்கள், படியேறும்போது நெஞ்சு இறுக்கும் என்பவர்கள் மருத்துவரிடம் காட்டி ஈ.சி.ஜி. உட்படத் தேவையான சோதனைகளை முடித்துவிட்டே தொடங்குங்கள். தனியாருக்குச் செலவு செய்ய முடியாதவர்களுக்கு மதுரை அரசுப் பெரியாஸ்பத்திரி இருக்கிறது. பழைய முதுகு வலி, மூட்டு அறுவை சிகிச்சை, கண் விழித்திரைச் சிக்கல் எதையும் மாஸ்டரிடம் மறைக்காதீர்கள். இவற்றைக் கேட்காமலே பணத்தை வாங்கிப் போடுகிறவரிடம் சேராதீர்கள்.

முதல் நாளிலேயே இருநூறு தோப்புக்கரணம், நூறு தண்டால் போடவைத்து 'வடிகட்டுகிற' இடங்கள் உண்டு. பழகாத உடம்பை இப்படிப் பிழிந்தால் தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடலாம். கடும் உடல்வலியோடு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள். காத்திருந்தால் டயாலிசிஸ்வரை கொண்டுபோய்விடும்.

நம் ஊர் வெயிலையும் மறக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் மதுரை 40 டிகிரியைத் தொடும். மாலை ஐந்து மணிக்குக்கூடத் தகரக் கொட்டகைக்குள் அனல் அடிக்கும். தண்ணீர் குடிக்க இடைவேளை தராமல், தாகத்தை அடக்குவதுதான் கட்டுப்பாடு என்று பேசுகிறவர் கட்டுப்பாட்டையும் அறியவில்லை, உடம்பையும் அறியவில்லை.

மேட் இருக்கும் இடங்களில் அதை மோந்து பாருங்கள், தொட்டுப் பாருங்கள். கட்டிப்புரளும் கலைகளில் அழுக்கு மேட்டிலிருந்து படர்தாமரை தொற்றும். இப்போது அது களிம்புக்கு எளிதில் அடங்குவதில்லை. வீட்டில் குழந்தைகளுக்கும் பரவும்.

பெண்கள் கூடுதல் உஷார்

2021-இல் சென்னையில் தற்காப்புக் கலைப் பயிற்சியாளர் ஒருவர், பயிற்சிக்கு வந்த வீராங்கனையின் பாலியல் புகாரில் கைதானார். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் நடந்த 'என்.சி.சி. முகாம்' போலி என்பது, ஒரு சிறுமிக்குக் கொடுமை நடந்த பிறகுதான் வெளியே வந்தது. சீருடையும் விசிலும் இருந்தால் கேள்வி கேட்காமல் ஒதுங்கி நிற்கும் நம் பழக்கம்தான் இவர்களுக்குத் துணை.

பிடி காட்டுவதற்கு உடம்பைத் தொட வேண்டிய கலைகள் உண்டு. அங்கே தொடுவதற்கு முன் கேட்பார்கள். எல்லோர் முன்னிலையிலும் காட்டுவார்கள். பெண்ணோடு பெண்ணைச் சேர்த்துப் பழகவிடுவார்கள். "உனக்கு மட்டும் தனி கிளாஸ்மா, எட்டு மணிக்கு மேல வா", "வெளியூர் போட்டிக்கு வீட்டு ஆளு வேண்டாம்", இரவில் வருகிற வாட்ஸ்அப் செய்தி, இவற்றில் ஒன்று வந்தாலே போதும், நிறுத்திவிடுங்கள். இரண்டாவது முறை வரட்டும் என்று பொறுக்க வேண்டாம்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், விளையாட்டு நிறுவனங்களையும் ஸ்டேடியங்களையும் பயிற்சி இடங்களையும் சேர்த்தே பேசுகிறது. கிளப்பில் குழு இல்லையென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

எந்தக் கலை?

உங்கள் தெருவிலிருந்து அரை மணி நேரத்துக்குள் நல்ல ஆசான் எந்தக் கலையில் இருக்கிறாரோ, அதுவே உங்களுக்கான கலை. ஊர்க்கோடியில் இருக்கிற உலகப்புகழ் கலைக்கு இரண்டு மாதத்துக்கு மேல் போக மாட்டீர்கள். ஆனாலும் கலைக்குக் கலை கவனிக்க வேண்டியது மாறும்.

சிலம்பம்: செலவு குறைவு, புருவ மட்ட உயரத்துக்கு ஒரு கம்பு போதும். தோள், மணிக்கட்டு, காலடி மூன்றுக்கும் அருமையான பயிற்சி. ஆனால் பெரும்பாலான வகுப்புகள் பிள்ளைகளுக்கானவை. அலங்கார வீச்சு மட்டும் கற்றுத்தந்துவிட்டுத் தற்காப்பு என்று சொன்னால் ஏமாறாதீர்கள். கம்போடு கம்பு மோதுகிற பயிற்சி இருக்கிறதா, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நிற்கவைக்கிறார்களா, கண்ணுக்குக் காப்பு உண்டா என்று பாருங்கள். சுருள்வாளை ஆரம்பத்திலேயே கையில் கொடுத்தால் கிளம்பிவிடுங்கள்.

கராத்தே, டேக்வாண்டோ: ஒழுங்கும் படிப்படியான பாடமும் பலம். கட்டா என்கிற அசைவு வரிசைகளையும் காற்றில் குத்துவதையுமே செய்துகொண்டிருந்தால் அது உடற்பயிற்சி மட்டுமே. இறுகிய தொடையை வலுக்கட்டாயமாக அமுக்கிக் காலை விரிக்கவைக்கிறவர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

ஜூடோ, மல்யுத்தம், ஜூஜிட்சு: முழு பலத்தோடு பழக முடிவதால் உண்மை சீக்கிரம் தெரியும். விழக் கற்பதுதான் முதல் பாடம்; அதைச் சொல்லிக்கொடுக்காமல் தூக்கிப் போட்டால் தோள்பட்டை போய்விடும். சிமென்ட் தரையிலோ கல்யாண மண்டப ஜமுக்காளத்திலோ இந்தப் பயிற்சி கூடவே கூடாது. விட்டுவிடச் சொல்லித் தட்டியவுடன் பிடியை விடுகிறார்களா என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

பாக்ஸிங், கிக் பாக்ஸிங்: உடம்பை இறுக்கிக் கட்டுவதில் இவற்றுக்கு இணை குறைவு. தலையைப் பற்றி மேலே சொன்னது அத்தனையும் பொருந்தும். குத்துச்சண்டை, ஜூடோ, மல்யுத்தம் ஆகியவற்றில் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் படித்த 'என்.ஐ.எஸ். கோச்' கிடைத்தால் அது சரிபார்க்கக்கூடிய தகுதி. அசல் சான்றிதழைக் கேட்டுப் பார்க்கலாம், தப்பே இல்லை.

பணம் எடுப்பதற்கு முன்

முன்கூட்டிச் சொல்லாமல், வேறு வேறு நாளில் இரண்டு முழு வகுப்புகளை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். "தாராளமா உட்காருங்க சார்" என்றால் நல்ல குறி. "வெளி ஆளுக்குக் காட்ட மாட்டோம்" என்றால் வண்டியைத் திருப்புங்கள்.

மாஸ்டரைப் பார்க்காதீர்கள்; மாணவர்களைப் பாருங்கள். உங்கள் வயதுக்காரர் யாராவது இருக்கிறார்களா? ஒரு வருடத்துக்கு மேல் நிலைத்தவர்கள் எத்தனை பேர்? முட்டியில் கட்டோடு எத்தனை பேர்? திணறுகிறவரிடம் "முடியலன்னா உக்காருங்கண்ணே" என்கிறாரா, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துகிறாரா? மாணவர் ஒருவர் "ஏன் மாஸ்டர் இப்படிச் செய்யணும்?" என்று கேட்டால், செய்துகாட்டி விளக்குகிறாரா, முறைக்கிறாரா? பழைய மாணவர் ஒருவரை வெளியே டீக்கடையில் சந்தித்து, யார் யார் நின்றுவிட்டார்கள், ஏன் நின்றார்கள் என்று விசாரியுங்கள்.

பிறகு நேராகக் கேளுங்கள்: "மாஸ்டர், நீங்க யார்கிட்ட, எத்தனை வருஷம் கத்துக்கிட்டீங்க? அவரைப் பார்த்துப் பேசலாமா? அடிபட்டா என்ன செய்வீங்க? முதலுதவிப் பெட்டி எங்க இருக்கு? மாசக் கட்டணம் தவிர வேறென்ன செலவு வரும்?" கடைசிக் கேள்வி முக்கியம். அட்மிஷன், யூனிஃபார்ம், பெல்ட் டெஸ்ட், சங்க அடையாள அட்டை, போட்டி நுழைவுக் கட்டணம், கட்டாயக் கேம்ப் என்று பின்னால் வருபவை மாதக் கட்டணத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

முதல் மூன்று மாதம் மாதாமாதம் மட்டும் கட்டுங்கள். 'வருஷத்துக்கு மொத்தமா கட்டுனா பாதி விலை' என்பது நீங்கள் இரண்டாவது மாதம் நின்றுவிடுவீர்கள் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற விலை. குருதட்சிணை என்ற பெயரில் பணமாகக் கேட்டாலும் ரசீது கேளுங்கள், அல்லது வங்கி வழியாகச் செலுத்துங்கள். சொன்னதைத் தராமல் ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் தரலாம். ரசீது இருந்தால் வழக்குக்குக் கால் கிடைக்கும்.

சேர்ந்த பிறகும் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். ஆசானை மதிப்பது நம் மரபு. அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் களத்தில் இறங்குவதும் மரபுதான். ஆனால் உண்மையான ஆசானுக்கு உங்கள் கேள்வி அவமரியாதையாகத் தோன்றாது. உங்கள் மூட்டும் தலையும் உங்களைவிட அவருக்கு முக்கியமாகப் படும். அப்படிப்பட்டவர்கள் மதுரையில் இருக்கிறார்கள். பிளெக்ஸில் பெயர் சின்னதாக இருக்கும், சில நேரம் பிளெக்ஸே இருக்காது. இந்த வாரமே இரண்டு மாலைகளை ஒதுக்கி, இரண்டு மூன்று வகுப்புகளுக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். பர்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.